முதல் ரோல் வீணாகாமல் இருக்க: மேனுவல் ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராவைக் கையாளும் வரிசை

மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் கூடிப் படம் எடுப்போம். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் அப்பாவின் பீரோவிலிருந்து எடுத்த கேமராவோடு வருவார்கள். மீதிப் பேர் சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கியதோடு வருவார்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 அல்லது எஃப்எம்10, யாஷிகா எஃப்எக்ஸ்-3, பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. எதைப் படம் எடுப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. இருந்தும் முதல் ரோல் போய்விடுகிறது. இரண்டாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் கேமராவின் ஒவ்வொரு பாகத்தையும், கை அதைத் தொட வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கேமரா, 50 மி.மீ. லென்ஸ், புது பட்டன் பேட்டரி, காற்றடிக்கும் ரப்பர் பல்பு, சின்ன டார்ச், ஒரு பாக்கெட் நோட்டு. இவற்றோடு யாரும் கொண்டுவராத ஒன்று: ஒரு வீணான ரோல். காலாவதியானதோ தெரியாமல் வெளிச்சம் பட்டதோ, எதுவானாலும் சரி. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். அதை வைத்துப் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். நல்ல ரோல் இன்று விற்கும் விலைக்கு, இந்த ஒத்திகை வெட்டியான வேலை ஆகாது.

உங்கள் கேமராவின் கையேடும் வேண்டும். பழைய கேமராக்களின் கையேடுகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் இந்த எஸ்எல்ஆர்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான் என்றாலும், பட்டன் இருக்கும் இடம் வீட்டுக்கு வீடு மாறும்.

2. வெறும் கேமராவைச் சோதித்துப் பார்ப்பது

ஃபிலிம் போடுவதற்கு முன்னால்தான் இதைச் செய்ய முடியும். பின்கதவைத் திறந்து உள்ளே பார்க்கும் வாய்ப்பு அப்புறம் 36 படம் முடிந்தால்தான் வரும்.

லென்ஸைக் கழற்றுங்கள். அப்பர்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுதாகத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மும்பையில் நாலு மழைக்காலத்தைப் பீரோவுக்குள் கழித்த லென்ஸில் இது சகஜம். ஓரமாகக் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படம் மங்கலாகும், எதிர் வெளிச்சத்தில் இன்னும் மோசம். இரண்டு மூன்று தூசி இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அதைப் பார்த்துப் பேரத்தை முறித்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது அப்பர்சர் இதழ்கள். லென்ஸின் பின்னால் உள்ள சின்ன நெம்பியை நகர்த்தி விட்டால் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட லென்ஸ், படம் விழும் நேரத்துக்குள் மூடி முடிக்காது, வெளிச்சம் கூடிப்போகும்.

பிறகு பின்கதவைத் திறந்து ஷட்டரைப் பாருங்கள்: ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் இரண்டு திரைகள். ஃபிலிமை நகர்த்தும் லிவரைத் தள்ளி, வேகத்தை 1 நொடியில் வைத்துப் பட்டனை அமுக்கிக் காதால் எண்ணுங்கள். பின்னர் 1/30, 1/125, 1/1000. ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு அமுக்கினால், எந்த வேகத்திலும் ஒரு கணம் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். 1/1000-இல் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் இரண்டு திரைகளும் ஒரே ஓட்டத்தில் ஓடவில்லை. கே1000-இல் அந்தத் திரைகள் துணி, பக்கவாட்டில் ஓடும். எஃப்எம்2-வில் உலோகத் தகடுகள், மேலும் கீழும் ஓடும். எதுவாயினும் விரல் படக் கூடாது. எதிரே இருக்கும் கண்ணாடியையும் துடைக்கக் கூடாது. நம் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் முன்பக்கமே பூச்சு. கர்ச்சீஃப் பட்டாலே கீறும். காற்றடித்தால் போதும்.

கடைசியாகக் கதவின் ஓரத்துப் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு நுரைப் பட்டை. முப்பது வருஷத்தில் அது உருகித் தார் போல ஒட்டும். அந்த நிலையில் வெளிச்சம் உள்ளே கசியும். ஃபோர்ட் பகுதியில் கேமரா ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு இதை மாற்றுவது சின்ன வேலைதான்.

3. பேட்டரி

மேலே சொன்ன நான்கு கேமராக்களும் பேட்டரி இல்லாமலே படம் எடுக்கும். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கேனன் ஏஇ-1 போன்றவை அப்படியல்ல. அவற்றின் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது, பேட்டரி போனால் பட்டன் செத்த பட்டன். ஏஇ-1 செத்துவிட்டது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், முதலில் 6 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கே1000-க்கு ஒரு எல்ஆர்44 போதும், எஃப்எம்2-வுக்கு இரண்டு. அடித்தட்டில் வட்ட மூடி இருக்கும், ஒரு ரூபாய் நாணயத்தால் திறக்கலாம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால், வினிகர் தொட்ட காது பஞ்சுக்குச்சியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் புதிய பேட்டரி.

கே1000-க்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மீட்டர் ஓய்வெடுக்கும். மூடி இல்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு, பேட்டரி மாதம் ஒன்று தின்கிறதே என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள்.

1970-க்கு முன்னும் பின்னுமான சில கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பலவற்றில் மீட்டர் தப்பாகக் காட்டும். அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் முதல் ரோலுக்குச் செல்போன் மீட்டர் செயலியை நம்பலாம்.

4. ஐஎஸ்ஓ எண்ணை இப்போதே வையுங்கள்

ஃபிலிம் டப்பாவைக் கையில் எடுத்தவுடன், மாட்டுவதற்கு முன்பே, அதன் ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது வெளிச்சத்தை அது எவ்வளவு வேகமாக வாங்கும் என்று சொல்லும் எண்ணை, கேமராவில் வைத்துவிட வேண்டும். பழைய கேமராக்களில் ஏஎஸ்ஏ என்று போட்டிருக்கும், எண் ஒன்றுதான். கே1000-இல் ஷட்டர் வேகத் திருகியின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். சிறிய ஜன்னலில் எண் மாறும்.

இதை ஏன் முதலிலேயே? மாட்டி முடித்ததும் கை நேராக லென்ஸுக்குப் போய்விடும், இந்த எண் மறந்துபோகும். 400 ஃபிலிமை 100 என்று வைத்து எடுத்தால் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, வெளிச்சம் கூடும். கலர் நெகட்டிவ் அதைச் சமாளித்துவிடும். 100 ஃபிலிமை 400 என்று வைத்தால் நிழல்களில் ஒன்றும் மிஞ்சாது. ஃபிலிமின் எண் எவ்வளவு என்பது கேமராவுக்குத் தெரியாது. நாம் சொன்னதை வைத்துத்தான் மீட்டர் கணக்குப் போடுகிறது.

முதல் ரோலுக்கு நவம்பரிலிருந்து மே வரை 200, மழைக்காலத்தில் 400. கலர் நெகட்டிவோ, எச்பி5 போன்ற கறுப்பு-வெள்ளையோ எடுக்கலாம். ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப் தவறைக்கூட மன்னிக்காது, அதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

5. ஃபிலிம் மாட்டுவது

அவசரப்படக் கூடாத இடம் இது. ஒரு தைப்பொங்கலுக்கு தாராவி 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவதைக் காலை ஆறு மணி முதல் எடுத்தேன். எண்ணி 36 படம். பிறகு 37, 38, 40 என்று கவுன்டர் போய்க்கொண்டே இருந்தது. அன்று எனக்குக் கிடைத்த ரோல் நல்ல நீளம் என்று சந்தோஷப்பட்டேன்! ஃபிலிம் முதல் தள்ளிலேயே நழுவி, இடப்பக்கம் டப்பாவுக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. கவுன்டர் எண்ணியது லிவரின் அசைவுகளை மட்டும்தான். அதற்கும் ஃபிலிமுக்கும் தொடர்பில்லை.

நிழலுக்குப் போங்கள். நேர் வெயிலில் ரோலை வெளியே எடுத்தால், அதன் டப்பாவின் வாயில் உள்ள வெல்வெட் வழியாகக்கூட முதல் சில படங்களில் வெளிச்சம் ஏறலாம். வெளியே நிழல் இல்லையென்றால் உங்கள் உடம்பின் நிழலே போதும்.

இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்டு குமிழை நேராக மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். எஃப்எம்2-வில் பக்கத்திலுள்ள பூட்டு நெம்பியையும் சேர்த்து நகர்த்த வேண்டும். ரோலை இடப்பக்கக் குழியில், துருத்திய முனை கீழே இருக்கும்படி வைத்துக் குமிழை அமுக்குங்கள். அமுங்க மறுத்தால் லேசாகத் திருப்பினால் கவ்விக்கொள்ளும்.

ஃபிலிமின் நாக்கை வலப்பக்கம் இழுத்து, சுருட்டும் உருளையின் பிளவில் செருகுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கதவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே லிவரை ஒரு முறை மெதுவாகத் தள்ளுங்கள். பல்சக்கரத்தின் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஃபிலிமின் இரு ஓரத் துளைகளிலும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். நாக்கின் அகலம் குறைந்த பகுதியில் ஒரு பக்கத் துளைகள்தான் இருக்கும். அதனால் ஃபிலிம் முழு அகலத்துக்கு வரும்வரை தள்ளுவது நல்லது. இதில் ஒரு படத்துக்கான ஃபிலிம் போகும், போகட்டும்.

இப்போது கதவை மூடுங்கள். ரீவைண்டு கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மிக மெதுவாக, இறுக்கம் தட்டுப்படும்வரை மட்டும் திருப்புங்கள். டப்பாவுக்குள் தொளதொளவென்று இருந்த சுருள் இறுகும். அதன்பிறகு லிவரைத் தள்ளிப் பட்டனை அமுக்கி, இன்னொரு முறை தள்ளி அமுக்குங்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் இடப்பக்கக் குமிழ் அம்புக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சுழலாவிட்டால் கதவைத் திறந்து முதலிலிருந்து தொடங்குங்கள். சுருளை இறுக்காமல் விட்டால் முதல் ஒன்றிரண்டு தள்ளுக்குக் குமிழ் அசையாது, மாட்டியது சரியா தப்பா என்றே தெரியாது. இறுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

கவுன்டர் 1-க்கு வந்ததும் நிறுத்துங்கள். டப்பா அட்டையின் மூடியைக் கிழித்து, பின்கதவில் அதற்கான சட்டம் இருந்தால் அதில் செருகுங்கள். சட்டம் இல்லையென்றால் ஒட்டுநாடாவில் எழுதி அடித்தட்டில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து உள்ளே என்ன ஃபிலிம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதைத் தெரிந்துகொள்ளக் கதவைத் திறந்து பார்த்தவரும் எங்கள் கூட்டத்தில் உண்டு.

6. அப்பர்சர், ஷட்டர்: இரண்டு வளையம், ஒரு கணக்கு

லென்ஸில் உள்ள எண்கள்: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும். ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி வெளிச்சம். இதைத்தான் ஒரு ஸ்டாப் என்கிறோம். ஷட்டர் திருகியில் 60, 125, 250, 500 என்று இருப்பவை நொடியின் பின்னங்கள். அங்கேயும் ஒரு படி என்றால் இரண்டு மடங்கு அல்லது பாதி.

ஆகவே ஒன்றில் ஒரு படி கூட்டினால் மற்றொன்றில் ஒரு படி குறைக்கலாம். எஃப்/8, 1/250 தரும் வெளிச்சமும் எஃப்/5.6, 1/500 தரும் வெளிச்சமும் ஒன்றுதான். எதை முதலில் வைப்பது? மைதானத்தில் பையன்கள் பந்து போடுவதை எடுக்கிறீர்கள் என்றால் முதலில் ஷட்டர், 1/500. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவின் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் உள்ளதெல்லாம் கரைய வேண்டும் என்றால் முதலில் அப்பர்சர், எஃப்/2.8. படத்துக்கு எது முக்கியமோ அதை வைத்துவிட்டு, மற்றதை மீட்டர் சொல்லும்வரை திருப்புங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்புவது மீட்டர் முள்ளோடு கபடி ஆடுவது போல. பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வளையத்தை எஃப்/16-க்குத் திருப்பியும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருட்டாகவில்லையே, லென்ஸ் கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். கெடவில்லை. நீங்கள் ஃபோகஸ் செய்ய வசதியாக லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். பட்டனை அமுக்கும் கணத்தில்தான் நீங்கள் வைத்த எண்ணுக்கு மூடும். எஃப்எம்2-வில் லென்ஸ் பக்கத்தில் ஒரு நெம்பி இருக்கிறது, அதை அமுக்கினால் அந்த இருட்டையும் ஆழத்தையும் முன்கூட்டியே பார்க்கலாம். கே1000-இல் அது இல்லை.

7. மீட்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

கே1000-இல் வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள். அது நடுவில் நின்றால் சரி. நிக்கான் எஃப்எம்2-வில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று சிவப்பு விளக்குகள். வட்டம் எரிந்தால் சரி. இதுவரை எல்லாருக்கும் வந்துவிடும்.

தடுக்கி விழுவது அடுத்த இடத்தில். மீட்டருக்குத் தெரிந்தது ஒரே நிறம், நடுத்தரச் சாம்பல். எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கத்தான் கணக்குச் சொல்லும். விடிகாலையில் தாதர் பூ மார்க்கெட்டில் மல்லிக் குவியலைக் காட்டினால், இவ்வளவு வெள்ளையா என்று வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். கேட்டு நடந்தால் அழுக்குப் பூ கிடைக்கும். அங்கே மீட்டர் சொன்னதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்புக் குடைகள் நிறைந்த மழைநாள் பிளாட்பாரத்தில் இதற்குத் தலைகீழ். ஒரு ஸ்டாப் குறைத்தால் குடை கறுப்பாகவே இருக்கும்.

மரைன் டிரைவில் சூரியன் இறங்கும் நேரத்தில் நண்பரை நிறுத்தி எடுத்தால், மீட்டர் வானத்தைப் படித்துவிட்டு முகத்தைக் கரியாக்கிவிடும். கிட்டே போய் முகம் ஃபிரேமை நிறைக்கும்படி மீட்டர் பாருங்கள். கிட்டே போக முடியாவிட்டால், முகத்தின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அதைப் படியுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது. அதனால் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். வைத்த எண்ணை மாற்றாமல் பின்னால் வந்து எடுங்கள். முள் எங்கோ போய் நிற்கும், நிற்கட்டும். மேனுவல் கேமராவில் எண் தானாக மாறாது என்பதால்தான் இந்த வித்தையே நடக்கிறது.

மீட்டரே செத்துப்போனாலும் வழி இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் உள்ளது. 200 ஃபிலிமுக்கு 1/250. மும்பையில் புகைமூட்டம் கலந்த வெயிலுக்கு நான் எஃப்/11 வைப்பேன். மேகமூட்டத்துக்கு எஃப்/8, கருமேகத்துக்கு எஃப்/5.6, மரநிழலுக்கு எஃப்/4. சந்தேகம் வந்தால் நெகட்டிவ் ஃபிலிமில் எப்போதும் ஒரு ஸ்டாப் கூடுதல் பக்கம் சாயுங்கள்.

8. ஃபோகஸ்

வியூஃபைண்டரின் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். எஃப்எம்2 போன்றவற்றில் அது பாதியாக வெட்டப்பட்டிருக்கும்: ஃபோகஸ் இல்லாதபோது நேர்க்கோடு உடைந்து தெரியும், ஃபோகஸ் வந்ததும் சேரும். வெட்டு படுக்கையாக இருந்தால் செங்குத்தான விளிம்பில் வைத்துப் பாருங்கள். கதவு நிலை, மூக்கின் ஓரம், சட்டைப் பட்டன் வரிசை. சீரான சுவரில் வைத்துத் தேடினால் எதுவும் சேராது. கே1000-இல் பெரும்பாலும் பொடிப்பொடியான வட்டம் இருக்கும். ஃபோகஸ் வந்தால் மினுமினுப்பு அடங்கும். லென்ஸ் எஃப்/4-ஐவிட இருட்டானதாக இருந்தால் வெட்டு வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும், அது பழுதில்லை. சுற்றியுள்ள மணல்கண்ணாடியைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

தெருவில் எடுக்கும்போது நான் பெரும்பாலும் கண்ணால் ஃபோகஸ் செய்வதில்லை. லென்ஸின் உடம்பில் தூர அளவும், அதன் இருபுறமும் எஃப் எண்கள் ஜோடி ஜோடியாகவும் எழுதியிருக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து 3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவாக விழும். எஃப்/11 வைத்து ஏழரை மீட்டரில் நிறுத்தினால் நாலு மீட்டரிலிருந்து அடிவானம் வரை போகும். லட்சுமிநாராயண் லேன் போன்ற குறுகலான சந்தில் முதல் கணக்கு, கடற்கரையில் இரண்டாவது. கேமராவைத் தூக்கியதும் அமுக்கலாம்.

9. பட்டனை அமுக்குவது

“அண்ணா, பட்டன் அமுங்கவே மாட்டேங்குது.” நிக்கான் வைத்திருப்பவர் இப்படிச் சொன்னால் நான் லிவரைத்தான் பார்ப்பேன். எஃப்எம்2, எஃப்எம்10 இரண்டிலும் லிவர் உடம்போடு ஒட்டிக் கிடந்தால் பட்டன் பூட்டு. கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் திறக்கும். இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு அந்த லிவர் நெற்றியில் குத்தும். அது கேமரா செய்தவர்களின் குறை, உங்களுடையதல்ல.

கையில் பிடித்து எடுக்க 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. இடக்கை லென்ஸுக்கு அடியில் தாங்கட்டும், முழங்கைகள் விலாவில் ஒட்டட்டும். மூச்சைப் பாதி விட்டு, விரலின் நுனியால் மெதுவாக. எடுத்தவுடன் அடுத்த படத்துக்கு லிவரைத் தள்ளிவிடும் பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கணத்தில் பட்டன் அமுங்காது. தள்ளும்போதெல்லாம் குமிழ் சுழல்கிறதா என்று ஓரக்கண்ணால் பாருங்கள். தாராவி எனக்குக் கொடுத்த பழக்கம் இது.

முதல் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் மூன்று விஷயம்: எஃப் எண், வேகம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது. அலுப்பாகத்தான் இருக்கும். எழுதாவிட்டால் நெகட்டிவ் வந்ததும் எது ஏன் போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

10. ஃபிளாஷ் மாட்டினால்

ஷட்டர் திருகியில் ஒரு எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும், அல்லது அருகில் மின்னல் குறியோ பெருக்கல் குறியோ இருக்கும். கே1000-இல் அது 1/60. யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000-இலும் எஃப்எம்10-இலும் 1/125. ஃபிளாஷ் போட்டால் அந்த வேகமோ அதற்குக் குறைவோதான். அதைத் தாண்டினால் இரண்டு திரைகளும் சேர்ந்து ஒரு பிளவாக ஓடும், ஃபிலிம் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தெரிவார், பெண் இருட்டில் இருப்பாள்.

11. ரோல் முடிந்ததும்

36-க்கோ 37-க்கோ வந்ததும் லிவர் பாதியில் இறுகி நிற்கும். அங்கே பலம் காட்டக் கூடாது. இன்னும் ஒரு படம் பிடுங்கலாம் என்று தள்ளினால் ஃபிலிமின் துளைகள் கிழியும், அல்லது ஃபிலிம் டப்பாவிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். பிய்ந்தால் கதவைத் திறக்காமல் கேமராவை அப்படியே லேபுக்குக் கொண்டுபோங்கள். இருட்டறையில் அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

அடித்தட்டில் உள்ள சின்னப் பட்டனை அமுக்குங்கள். பல்சக்கரத்தின் பிடி விடும். கைப்பிடியை விரித்து அம்புக்குறித் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். கனமாக, ஒரே சீராக வரும். சுற்றவே முடியாமல் இருந்தால் அடிப்பட்டன் சரியாக அமுங்கவில்லை. பலம் கொடுக்காமல் மீண்டும் அமுக்குங்கள். கடைசியில் ஒரு சின்ன இழுவை, உடனே இறுக்கம் விட்டு வெறுமனே சுழலும். இன்னும் நாலு சுற்று சுற்றி, நிழலில் நின்று, அப்புறம்தான் குமிழை மேலே இழுக்க வேண்டும். இந்த வரிசையில் குமிழ் முந்திக்கொண்டால் ரோல் முழுக்க வெளிச்சம்.

டப்பாவின் மேல் ரோல் எண்ணையும் ஐஎஸ்ஓவையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மறுநாள் பயணம் விமானத்தில் என்றால், ஸ்கேனரில் போடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 

12. மழைக்காலத்தில்

ஜூன் வந்ததும் தோல் உறையைக் கழற்றி வீசுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சோறு போடுவது அதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது. வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம், சமையல் சட்டியில் மட்டும் வேண்டாம். அரிசி டப்பாவில் கேமராவைப் புதைக்கச் சொல்பவர்களிடமிருந்து கேமராவைக் காப்பாற்றுங்கள். அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்காரும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் வேர்க்கும். துடைக்காமல் பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருங்கள். ஃபிரிட்ஜில் வைத்த ஃபிலிமையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் வைக்க வேண்டும்.

13. நெகட்டிவ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது

லேபிலிருந்து நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் மட்டும் போதாது, ஏனென்றால் ஸ்கேன் செய்பவர் வெளிச்சக் குறையைச் சரிசெய்துவிடுவார், உங்கள் தவறு மறைந்துவிடும்.

ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். படமே இல்லாமல், ஓரத்தில் கம்பெனிப் பெயரும் எண்களும் மட்டும் இருந்தால் ஃபிலிம் ஓடவில்லை. ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள். ஓர எழுத்துகளும் இல்லையென்றால் கழுவியதில் பிழை, உங்கள்மேல் குற்றமில்லை. முழுக்கக் கறுத்திருந்தால் கதவு திறந்திருக்கிறது. எல்லாப் படமும் சன்னமாக, நிழலில் விவரமே இல்லாமல் இருந்தால் ஐஎஸ்ஓ எண்ணைச் சரிபாருங்கள். எண் சரி என்றால் மீட்டர். ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்பக் கறுப்புத் தீற்றல் இருந்தால் கதவின் நுரைப் பட்டை. வேகமான ஷட்டரில் எடுத்தவை மட்டும் ஒரு பக்கம் வெளிறியிருந்தால் திரைகள். ஒன்றிரண்டு படங்கள் மட்டும் போயிருந்தால் நோட்டை எடுங்கள். பெரும்பாலும் அந்த வரியில் எதிர் வெளிச்சம் என்று எழுதியிருப்பீர்கள்.